சக்களத்தியைச் சின்னதாக்கிய கதை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என் மனைவி வைத்த பெயர் சக்களத்தி. கல்யாணமான புதிதில் வைத்தாள். கல்யாண ஆல்பம் வடிவமைப்பதும் கல்யாண வீடியோ எடிட் செய்வதும் என் தொழில். முகூர்த்த மாதங்களில் அந்தப் பெட்டி ராப்பகலாக ஓடும். முழங்காலைத் தாண்டிய உயரம், கறுப்புத் தகரம், முன்னால் நீல விளக்கு. வேறு இடமில்லாததால் கட்டிலை ஒட்டியே நின்றது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ட்யூட்டி முடிந்து வந்ததும் காபி டம்ளரைப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டுக் கொண்டையை அவிழ்ப்பாள். பெட்டியின் சூட்டில் காபி ஆறாது. "இந்த வீட்டுல என் காப்பியக் கவனிக்கிறது இவ ஒருத்திதான்" என்பாள். கோபம் வந்தால் அதே பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, "இவகூடயே குடும்பம் நடத்துங்க, எனக்கு ஒரு மூலையக் குடுத்தாப் போதும்" என்பாள்.

அவள் அயர்லாந்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தேவாலயப் பங்கில் இது அதிசயமில்லை. பெண் முதலில் போவாள், புருஷன் பிறகு போவான். நடுவில் இருக்கும் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வரும்போது எல்லாரும் அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எப்ப கெளம்புறீக?" ஆரம்பத்தில் சிரித்தேன். பிறகு விசா வரட்டும் என்றேன். அப்புறம் பக்கவாசல் வழியாக நழுவப் பழகிக்கொண்டேன். பக்கவாசலிலும் ஒருவர் நின்று கேட்டார்.

தனியாக இருப்பதில் எனக்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது. காலையில் மெஸ் இட்லி, மத்தியானம் மெஸ் சாப்பாடு, ராத்திரி மிச்சமிருந்தால் மிச்சம். பிள்ளை இல்லாத வீடு. அவளும் போன பிறகு வீட்டில் பேசுகிற சத்தம் என்றால் ஸ்பீக்கரில் ஓடுகிற அடுத்தவர் கல்யாணம்தான். "மாப்பிள்ளை கொஞ்சம் இங்குட்டுப் பாருங்க" என்று கேமராக்காரன் சொல்வது நாள் முழுக்கக் கேட்கும். யாரோ மாப்பிள்ளை பார்ப்பான். நானும் சில நேரம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அவள் நைட் ட்யூட்டி முடித்து அறைக்குப் போனதும் கூப்பிடுவாள். இங்கே அப்போது மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கும். "சாப்ட்டீகளா?" "சாப்ட்டேன். அங்க மழையா?" "மழைதான்." அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். அவளுக்குக் கண் சொருகும். "சரி, படு" என்பேன். வைத்துவிடுவாள். இப்படியே வாரங்கள் போயின. சண்டை போட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். சண்டை போடுவதற்கும் ஒரே வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் எனக்கு விசா வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. போகலாம் என்று காகிதம் சொல்லிவிட்டது. வாங்க என்று அவள் வாயால் இன்னும் சொல்லவில்லை. "வந்துருச்சா, சரி" என்றாள், அவ்வளவுதான். தனியாக வாழப் பழகிவிட்ட ஒருத்திக்கு நான் இப்போது கூடுதல் சுமையாக இருப்பேனோ என்கிற எண்ணம் அன்றைக்கு உள்ளே நுழைந்தது. நுழைந்தது வெளியே போகவே இல்லை.

அங்கே போனாலும் தொழிலை விடப்போவதில்லை. படங்கள் இணையத்தில் வரும், ஆல்பம் இணையத்தில் போகும். ஆனால் கம்ப்யூட்டர் வேண்டும். லேப்டாப் வாங்கித் தொலைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நண்பனின் லேப்டாப்பில் ஒரு நாள் வேலை பார்த்தேன். ஆல்பத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் அது இட்லிக் கொப்பரை போல் சீறியது. சக்களத்தியைக் கொண்டுபோகலாம் என்றால் அது ஆள் கனம். சரி, அதன் உள்ளே இருப்பதில் ஆகிறதை எடுத்துக்கொண்டு, ஆகாததைப் புதிதாக வாங்கி, விமானத்தில் கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒரு சின்ன கேபினட்டில் அடக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அவளிடம் கேட்டேன். "ஒன் ரூம்ல எனக்கு எம்புட்டு எடம் இருக்கும்? கம்ப்யூட்டர் வைக்கணும்."

"எடமா?" என்று சிரித்தாள். "ஒரு சூட்கேஸ வச்சா கதவு தெறக்காது. சின்னதாப் பாருங்க."

சாதாரணமாகச் சொன்ன பேச்சுதான். எனக்கோ அது நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது. சின்னதாப் பாருங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சரி, என்னால் எவ்வளவு சின்னதாக முடியும் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு வந்தது.

அன்றிலிருந்து என் வேலை கேபினட் பார்ப்பது. சின்னப் பெட்டிகளை லிட்டர் கணக்கில் அளக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எண்ணெய், பால், கம்ப்யூட்டர். இருபது லிட்டர்ப் பெட்டியைச் சின்னது என்கிறான் ஒருவன். பத்து லிட்டருக்கு மேல் போனால் அது சின்னதே இல்லை என்று இன்னொருவன் சண்டைக்கு வருகிறான். வீடியோவில் பேசுகிற பயல்கள் எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு "இதில் காற்றோட்டம் பிரமாதம்" என்கிறார்கள். காரைக்குடிச் சித்திரை வெயிலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அப்போது திருக்கோஷ்டியூரில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பம் கையில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படங்களுக்காக அந்த ஜோடி ஒரு நாள் வாடகைக்குப் பெரிய வீடு ஒன்றை எடுத்திருந்தார்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு பக்கத்தில் நின்று கூப்பிட்டால் மறு பக்கத்தில் கேட்காத வீடு. அத்தனை தூண்களுக்கும் நடுவில் இரண்டே இரண்டு பேர். ஒரு திரையில் அந்த வெற்றிடத்தை எல்லாம் அழகாக வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்துத் திரையில், சக்களத்தியின் கிராபிக்ஸ் கார்டு அரை சென்டிமீட்டர் நீளம் அதிகமாக இருப்பதால் எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது என்று தலையில் கைவைத்துக்கொண்டிருப்பேன்.

சென்டிமீட்டரில் படித்தால் எனக்குக் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் என் வழியில் அளந்தேன். ஆல்பத்தைக் கொடுக்கும்போது சின்ன சூட்கேஸ் மாதிரி, கைப்பிடி வைத்த பெட்டியில் போட்டுத்தான் கொடுப்போம். அப்படி ஒரு பெட்டி அலமாரியில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒக்கூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். ஆல்பம் அச்சாகி வருவதற்குள் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு வீட்டாரும் வாங்க வரவில்லை. போன் செய்தால் இவர்கள் அவர்களைக் கேளுங்கள் என்றார்கள், அவர்கள் எடுப்பதில்லை. அந்தக் கார்டும் போகும் என்று கடைசியில் நான் பார்த்து வைத்திருந்த கேபினட் ஏறக்குறைய அதே அளவு. அந்த ஆல்பப் பெட்டியைத் தூக்கி என் தோள்பையில் வைத்து, ஜிப்பை இழுத்தேன். மூடியது. பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தேன். பொண்டாட்டியிடம் போவதற்கான ஒத்திகையை, பிரிந்துபோன ஒரு ஜோடியின் கல்யாணத்தை முதுகில் சுமந்துகொண்டு பார்க்கிறோம் என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அதை மரியாதையாகத் துடைத்து மேல்தட்டில் வைத்தேன்.

கேபினட்டை ஆன்லைனில் வாங்கினேன். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும், அதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற அந்தச் சப்ளைப் பெட்டியை மட்டும், கையால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவது என்று செக்காலை ரோட்டில் எனக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். இந்த ஊர் மின்சாரத்தோடு வாழ்ந்தவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் யார் மேலும் நம்பிக்கை வராது. விளக்கு மங்கும், பளீரென்று எரியும், மிக்ஸி தானாக வேகம் பிடிக்கும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர், டிவிக்கு ஸ்டெபிலைசர், எல்லாமே தூக்க முடியாத கனம். கனமாக இருந்தால் தாங்கும் என்பது எங்கள் ஊர்ச் சித்தாந்தம். கடைக்காரர் காட்டியதில் கை இறங்குகிற கனத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"இது பெரிய கேபினட்டுக்கு உள்ளதுண்ணே. ஒங்களுக்கு எம்புட்டு அளவு?" என்றார்.

"பெட்டியில எடம் இருக்கு, போகும்" என்றேன்.

போகவில்லை. இப்படி வைத்தேன், அப்படி வைத்தேன், படுக்கப் போட்டேன். சப்ளை உட்கார்ந்தால் கிராபிக்ஸ் கார்டு வெளியே நின்றது. கார்டு உட்கார்ந்தால் சப்ளை தெருவில் நின்றது. பிறகுதான் கேபினட்டோடு வந்த தாளைப் படித்தேன். இந்தப் பெட்டிக்கு எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன வகை சப்ளை மட்டும்தான் சேரும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான். அதோடு, பெட்டி ஓடப்போவது அயர்லாந்தில். அங்கே வோல்டேஜ் ஒழுங்காக இருக்கும் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போகிற ஊருக்கு வாங்குவதாக நினைத்துக்கொண்டு இருக்கிற ஊருக்கு வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் கடைக்காரர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். "அந்தச் சின்னது வேணும்னா வரவழைக்கணும்ணே, ஒரு வாரம் ஆகும்" என்றார். அறுநூற்றைம்பது வாட்ஸ், வேண்டிய ஒயரை மட்டும் மாட்டிக்கொள்கிற மாதிரி உள்ளது, சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரத்தில் இன்னொரு சந்தேகம் வந்தது. அங்கே சுவரில் பிளக் பாயின்ட் எப்படி இருக்கும்? அவளிடம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். மூன்று பட்டைத் துளைகள், ஒரு சின்ன சுவிட்ச், சுற்றிலும் நாலு விரற்கடை வெள்ளைச் சுவர். ஒயர் நுனியை மட்டும் மாற்றினால் போதும் என்று தெரிந்தது. வேலை முடிந்தது. ஆனால் நான் படத்தை மூடவில்லை.

என் தொழிலே படத்தின் ஓரத்தை வெட்டுவது. குடித்துவிட்டு நிற்கிற சித்தப்பாவை வெட்டுவேன், அழுத முகத்தை வெட்டுவேன், பின்னால் காயப்போட்ட லுங்கியை வெட்டுவேன். வெட்டின படத்தைப் பார்த்தால், இங்கே எதையோ வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் இரண்டு அடி தள்ளி நின்று எடுத்திருந்தால் கட்டில் தெரிந்திருக்கும், ஜன்னல் தெரிந்திருக்கும். அவள் குடியிருக்கிற அறையை நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. வீடியோவில் பேசினாலும் முகமும் தலையணையும்தான். எதை மறைக்கிறாள்? வேறு யாரோ இருக்கிறார்கள் என்கிற அளவுக்கு என் புத்தி போகவில்லை. நான் நினைத்தது அதைவிட மோசம். அந்த அறையில் எனக்கு இடம் இல்லை, அது எனக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறாள் என்று நினைத்தேன். மெஸ்ஸுக்குப் போகாமல் அன்று மத்தியானம் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

சின்ன சப்ளை வந்தது. உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும் போல இருந்தது. மளிகைக் கடைத் தராசில் வைத்துக் காட்டச் சொன்னேன். மளிகைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, புளி மாதிரி பொட்டலம் கட்டிக் கொண்டாந்துருக்கீக" என்றார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்ட உட்கார்ந்தேன். உள்ளே விரல் போக வழியில்லை. ஒரு ஒயரை மாட்ட மூன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. திருகாணி விழுந்தால் பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கி எடுத்தேன். டார்ச் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வாய்விட்டே சொன்னேன். கடைசியில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முடித்தேன்.

ஓடியது. ஒக்கூர்க் கல்யாணத்தின் முழு வீடியோவையும் ஓட்டிச் சூடு பார்த்தேன். தாங்கியது. கனம் போட்டுப் பார்த்தேன், விமானத்தில் கைப்பைக்கு விடுகிற ஏழு கிலோவுக்குள் அடங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து, பழக்க தோஷத்தில் டம்ளரைப் பெட்டியின் தலையில் வைக்கப் போனேன். வைக்க முடியவில்லை. மேலே முழுக்க வலை. அதன் வழியாகத்தான் சூட்டுக் காற்று வெளியேறுகிறது. வைத்தால் பெட்டி மூச்சு முட்டும், சிந்தினால் அதோடு முடிந்தது. அவள் டம்ளர் வைக்க இடமில்லாத ஒரு பெட்டியை ஒரு மாதம் பாடுபட்டுச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடித்தேன்.

மறுநாள் மாமியார் தேவகோட்டையிலிருந்து வந்தார். மகளுக்குக் கொடுத்தனுப்பச் சாமான்களோடு. வெளிநாடு போகிறவன் பெட்டி அவனுக்குச் சொந்தமில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பருப்புப்பொடி, மணகோலப் பலகாரம், நார்த்தங்காய், நாலு சுற்று காகிதம் போட்டும் மணக்கிற கருவாடு. பெரிய சூட்கேஸ் நிரம்பிவிட்டது. இன்னும் இரண்டு பொட்டலம் கையில் இருந்தது. அவர் கண் சுற்றிவந்து மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் நின்றது.

"மாப்ள, இந்தப் பெட்டி உள்ள காலியாத்தான இருக்கு? ஓட்ட வழியாத் தெரியுதே. ஒரு ஓரமா இந்த மொளகாப்பொடிய வச்சுக்கங்களேன்."

"அத்தை, அது காத்து போற எடம்."

"காத்துக்கு எதுக்கு மாப்ள இம்புட்டு எடம்?" என்றார். அவர் புறப்படும்போது, "அவ போன்ல ஒண்ணும் பேச மாட்டேங்கிறா. ஒங்ககிட்டயாச்சும் பேசுறாளா?" என்று கேட்டார். "பேசுறா அத்தை" என்றேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அந்தப் பொய்யோடு நடந்து வந்தேன்.

அன்று மத்தியானம் அவள் கூப்பிடுகிற நேரத்தில் போன் வரவில்லை. ஒரு படம் வந்தது. இந்தத் தடவை வெட்டின படமில்லை. ஓர் அறை முழுதாக இருந்தது. வெள்ளைச் சுவர், மழை வழிகிற ஜன்னல், ஜன்னலை ஒட்டிப் பழைய மரமேசை ஒன்று. மேசைக்குக் கீழே ஒரு பக்கம் இழுப்பறை, மறு பக்கம் காலியாக விட்ட அகலமான இடம். அந்த இடத்தில் தரையில் ஒரு துண்டுக் கம்பளம் விரித்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நிமிஷம் அவளே கூப்பிட்டாள்.

"பாத்தீகளா? புது வீடு. நமக்கு. நேத்துதான் சாவி குடுத்தாக. ரெண்டு மாசமா அலையுறேன், கெடைக்காமப் போயிருமோன்னு ஒங்ககிட்ட சொல்லல."

"அப்ப அந்தப் பிளக் போட்டோ?"

"அது பழைய ரூம். பக்கத்துக் கட்டில்ல கூடத் தங்குற பிள்ள தூங்குச்சு, எப்புடி முழுசா எடுக்குறது?" என்றாள். பிறகு குரலில் ஒரு குறும்பு ஏறியது. "மேசைக்கு அடியில பாத்தீகளா, எம்புட்டு எடம்? பழைய சாமான் கடை கடையா ஏறி, டேப்பு வச்சு அளந்து அளந்து பாத்து வாங்குனேன். ஒங்க சக்களத்தி முழுசா நிப்பா. குளுருமேன்னு அடியில கம்பளம்கூடப் போட்ருக்கேன். கூட்டிட்டு வாங்க அவளையும்."

நான் மேசைமேல் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தேன். பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு நான் பூட்டிய பெட்டி. "நீதான் சின்னதாப் பாக்கச் சொன்ன" என்றேன். "அதப் பிரிச்சு, சின்னதாப் பண்ணிட்டேன்."

"அது அந்தப் பழைய ரூமுக்குச் சொன்னதுதான. எம்புட்டு சின்னது?"

"ஆல்பப் பெட்டி அளவு."

"காப்பி வைக்கலாமா மேல?"

"வைக்க முடியாது. வலை."

ஜன்னலில் மழை விழுகிற சத்தம் போனில் கேட்டது. அவள் வீட்டில் குறைவாக இடம் பிடிக்க வேண்டும் என்று நான் இங்கே சென்டிமீட்டர் சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டிருந்த நாட்களில், அவள் அங்கே டேப்போடு கடை கடையாக ஏறி என் பெரிய பெட்டிக்கு இடம் தேடியிருக்கிறாள். இதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. சாப்ட்டீகளா, மழையா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

"சரி விடுங்க" என்றாள் கடைசியில். "மிச்ச எடத்துல நீங்க நல்லாக் கால நீட்டிக்கிருங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சின்னப் பெட்டியை என் மேசைக்கு அடியில் இறக்கி வைத்துப் பார்த்தேன். அவள் லைன் போய்விட்டதென்று நினைத்திருக்க வேண்டும்.

"ஹலோ," என்றாள். "இருக்கீகளா?"

"இருக்கேன்" என்றேன்.